எலிஸபெத் அம்மாளைத் தொடத் தகுதியுடையோர்

ஞாயிறு பூசை முடிந்த கையோடு சுஃப்ரேன் வீதி வீட்டின் முன்கூடத்தில் கூடியிருந்தவர்கள் வருமாறு: பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற முசியே கிளோத், தலைவர். அடுத்த வீட்டுக்காரரும், அரசுத் துறை ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவருமான சக்கரபாணி, செயலர். தலைவரின் மகன் ழான்-லூக், பாரிசை ஒட்டிய சார்செல்லிலிருந்து கைபேசி வழியாக. தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து நிறுத்தப்பட்டிருந்தார். சமையல்காரி சின்னப்பாப்பா, காபித் தட்டுடன், வாக்குரிமை இன்றி. தலைவரின் அக்கா எலிஸபெத் அம்மாள் பின்கட்டு அறையில் படுத்திருந்தார். கூட்டம் அவரைப் பற்றியது என்பதால் அவர் அழைக்கப்படவில்லை.

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்குப் பிறகு புதுச்சேரியில் நடந்த மிக முக்கியமான நிகழ்ச்சி இந்தக் கூட்டம்தான் என்று சக்கரபாணி பிற்பாடு பலரிடம் சொன்னார். நெருப்பு புதுச்சேரியில் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதைத் தவிர அதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை.

கூட்டத்தின் காரணம் சிறியது. பெண்கள் பள்ளியொன்றில் தலைமையாசிரியையாக இருந்து ஒரு தலைமுறையையே முட்டிபோட வைத்த எலிஸபெத் அம்மாள், குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் முசியே கிளோத்தைத் தனியே அழைத்துச் சொன்னார்:

"தினம் ஆள் வச்சுப் பிடிச்சு நிக்க வைங்க சார். ரெண்டடி நடக்க வைங்க. படுக்கையிலேயே விட்டுட்டீங்கன்னா இடுப்பு இறுகிடும். அப்புறம் நான் வந்தாலும் பிரயோசனம் இல்ல. அந்தம்மா எழுந்திருக்கவே மாட்டாங்க."

ஆக, எலிஸபெத் அம்மாளைப் பிடித்து நிறுத்த ஓர் ஆள் வேண்டும். விஷயம் இவ்வளவுதான். ஆனால் இவ்வளவுதான் என்று விட்டுவிட அது சாதாரணக் குடும்பம் அல்ல.

"நான் ஒரு பக்கம் புடிக்கிறேன் முசியே, நீங்க ஒரு பக்கம் புடிங்க. பெரியம்மாவ இப்பவே எழுப்பி நிக்க வச்சிடலாம்" என்றாள் சின்னப்பாப்பா, காபியை வைத்துக்கொண்டே.

போர்த் திட்டத்தில் சமையல்காரன் தலையிட்டால் ஒரு தளபதி எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார் முசியே கிளோத். அவர் தளபதியாக இருந்ததில்லை. போர்முனையையும் பார்த்ததில்லை, கிடங்கில் இருந்துகொண்டு சிப்பாய்களுக்குக் கம்பளி வழங்கியதால் அவருடைய அனுபவமெல்லாம் போர்வைமுனையில்தான். ஆனால் முதுகு அன்று நிமிர்ந்தது நிமிர்ந்ததுதான். பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை பதினாலாம் தேதி மெடல் குத்திய கோட்டோடு அவர் ஊர்வலத்தில் நடந்தால், கடற்கரைக் காற்றுகூடச் சற்று ஒதுங்கிப் போகும்.

"நம்ம குடும்பத்துப் பெண்ணை யார் வேணும்னாலும் தொட்டுட முடியாது" என்றார் அவர்.

அந்த விஷயத்தில் அவர் தாமே முன்னுதாரணம். அக்காவை அவர் கடைசியாகத் தொட்டது தம் கல்யாணத்தன்று, ஆசி வாங்கும்போது. அன்றும் கையுறை போட்டிருந்தார்.

கைபேசியில் ழான்-லூக் கொட்டாவி விட்டான். அங்கே இன்னும் விடியவில்லை. போர்வைக்குள்ளிருந்து மூக்கு மட்டும் தெரிந்தது.

"பப்பா, இங்கல்லாம் இதுக்குன்னே டிப்ளோம் இருக்கு. ஒக்ஸிலியேர் த வீன்னு பேரு. வீட்டுக்கு வந்து வயசானவங்களைப் பார்த்துக்கறவங்க."

"டிப்ளோம்!" என்று முசியே கிளோத் மேசையைத் தட்டினார். சொம்பு ஆடியது; ழான்-லூக் கூரையைப் பார்த்து மல்லாந்தான். "கேட்டீங்களா சக்கரபாணி சார்? பிரெஞ்சுக்காரன் தபால் பை தூக்க ஆள் எடுத்தாலும் கொங்கூர் வச்சுத்தான் எடுப்பான். நாமளும் கொங்கூர் வைப்போம்."

கொங்கூர் என்பது போட்டித் தேர்வு. ஓய்வுபெற்ற நாளிலிருந்து ஒரு தேர்வுக்கும் அறிவிக்கை எழுத வாய்ப்பில்லாமல் வாடிப்போயிருந்த சக்கரபாணியின் கண்கள் ஈரமாயின. பேனா மூடியைக் கழற்றினார்.

"வயது வரம்பு?"

"முப்பதுக்குக் குறையக் கூடாது. சின்னப் பொண்ணுங்க போனையே பார்த்துக்கிட்டு இருப்பாங்க. முப்பத்தஞ்சைத் தாண்டவும் கூடாது. தூக்கத் தெம்பு இருக்கணும்."

"அனுபவம்?"

"இருபத்தஞ்சு வருஷம்."

சக்கரபாணி மனக்கணக்குப் போட்டார். "அப்படின்னா அஞ்சு வயசுல வேலைக்குச் சேர்ந்திருக்கணும் முசியே."

"அர்ப்பணிப்பு உள்ளவங்க அப்படித்தான் சேருவாங்க."

இது அப்படியே எழுதிக்கொள்ளப்பட்டது.

"பிரெஞ்சு?"

"பொன்ழூர், மெர்சி, ஒரு மறுப்பு. மறுப்பை மரியாதையா சொல்லத் தெரியணும்."

"பெரியம்மா வலி வந்தா தமிழ்லதானே கத்துது?" என்றாள் சின்னப்பாப்பா.

"அதனாலதான் பக்கத்துல ஒருத்தராவது பிரெஞ்சு பேசணும்."

சாதி பார்க்கும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகக் கிடையாது. ஆகவே அந்தச் சொல்லையே எழுதக் கூடாது என்று தலைவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். 'குடும்பப் பின்னணி' என்று எழுதச் சொன்னார். எந்தத் தெரு என்று கேட்டாலே பின்னணி தெரிந்துவிடும் என்று செயலர் ஒரு நிர்வாக நுணுக்கத்தை எடுத்துரைத்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பண்போடு தலையசைத்துக்கொண்டார்கள்.

கடைசியாக மகுடம் வைத்ததுபோல் ஒரு விதி: தேர்வில் தேறாத எவரும் நோயாளியைத் தொடலாகாது. இது சின்னப்பாப்பாவுக்கும் பொருந்தும். குடும்பத்தாருக்கும் பொருந்தும். "எனக்கும் பொருந்தும்" என்று முசியே கிளோத் பெருந்தன்மையோடு அறிவித்தார். தன் கையைத் தானே கட்டிக்கொள்ளும் தலைவர்கள் இக்காலத்தில் எத்தனை பேர்?

அப்போது பின்கட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"டேய் கிளோத்! தலை அரிக்குதுடா! முதுகு பத்தி எரியுது! யாராச்சும் வந்து என்னை உட்கார வைங்கடா!"

கூட்டத்துக்குப் புறம்பான குறுக்கீடு என்பதால் செயலர் அதைப் பதிவு செய்யவில்லை.

*

மாதா கோயில் அறிவிப்புப் பலகையிலும், வீதிக்காரர்களின் வாட்ஸப் குழுவிலும் அறிவிக்கை வெளியாயிற்று. அதன் பிறகுதான் சக்கரபாணிக்கு ஒரு சட்டச் சிக்கல் உறைத்தது. எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் சரி. செய்முறைத் தேர்வு? தேறாதவர் நோயாளியைத் தொடக் கூடாது. தொடாமல் தேற முடியாது.

"முட்டுச்சந்து முசியே" என்றார்.

வேறு குடும்பமாக இருந்தால் இந்த இடத்தில் தேர்வே கலைந்து, யாராவது உள்ளே போய்க் கிழவியை எழுப்பி உட்கார வைத்திருப்பார்கள். முசியே கிளோத் எழுந்து ஜன்னலருகே சென்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வீதியைப் பார்த்தார். திரும்பியபோது அவர் முகத்தில் தியாகத்தின் ஒளி இருந்தது.

"நான் படுக்கிறேன்."

"என்ன முசியே?"

"அக்கா இடத்துல நான் நோயாளியா படுக்கிறேன். என்னைப் பார்த்துக்கட்டும். மார்க் போடுவோம்."

சக்கரபாணி எழுந்து நின்றுவிட்டார். உடன்பிறந்தாளுக்காகத் தன் உடம்பையே தேர்வுக் களமாக்கும் தம்பியை அவர் கேள்விப்பட்டதில்லை.

முன்கூடத்தில் கட்டில் போடப்பட்டது. மானம் கருதி எல்லைகளும் வகுக்கப்பட்டன. கழுத்துக்கு மேலே அனுமதி உண்டு. கைகளுக்கு உண்டு. முழங்காலுக்குக் கீழே உண்டு. நடுவிலுள்ள பிரதேசம் ஜூலை பதினாலாம் தேதிக் கோட்டால் மூடப்பட்டு, மெடல்களின் காவலில் வைக்கப்பட்டது.

முதலில் வந்தவள் அரியாங்குப்பத்து சரிதா. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு அவள் முகத்தில் இருந்ததே தவிர, வாயில் இல்லை.

"ஆயா எங்க சார்?"

"ஆயாவா? மத்மசேல் எலிஸபெத்னு சொல்லணும்."

"அதெல்லாம் என் வாயில நுழையாது சார். எங்க ஆயாவ ஆயான்னுதான் கூப்பிட்டேன். நல்லாத்தான் இருந்திச்சி."

"எந்தத் தெரு?" என்றார் சக்கரபாணி.

"பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால சார்."

"பின்னால்னா எந்தப் பின்னால்?"

"முன்னால நின்னு பார்த்தா பின்னால சார்."

சக்கரபாணி 'பின்னணி தெளிவில்லை' என்று எழுதிக்கொண்டார்.

"அனுபவம்?"

"ஒரு நர்சிங் ஹோம்ல ரெண்டு வருஷம். சம்பளம் சரியா தரல, சண்ட போட்டுட்டு வந்துட்டேன். இப்ப யாரத் தூக்கணும்? அத்தச் சொல்லுங்க, தூக்கிட்டுப் போறேன். பசங்க ஸ்கூல் விட்டு வந்துடும்."

"என்னைத்தான்" என்றார் முசியே கிளோத், படுத்தபடியே.

சரிதா அவரை மேலும் கீழும் பார்த்தாள். மெடல்களைப் பார்த்தாள். "உங்களுக்கு என்னா சார்? நல்லா குத்துக்கல்லு மாதிரி கீறீங்க?"

"பாவனை."

"அப்டின்னு ஒரு நோவா?"

இருந்தாலும் வந்தவள் சும்மா போகவில்லை. சின்னப்பாப்பாவிடம் வெந்நீர் வாங்கி, கல்லுப்பு போட்டு, முசியே கிளோத்தின் கால்களை அதில் இறக்கினாள். குதிகாலைத் தேய்த்தாள். விரல்களை ஒவ்வொன்றாக இழுத்து நீவி விட்டாள்.

முசியே கிளோத் கூரையின் மரச்சட்டங்களைப் பார்த்துக் கிடந்தார். எத்தனையோ தேசங்களில் எத்தனையோ பூட்சுகளுக்குள் அடைபட்டுக் கிடந்த கால்கள். கால்விரல் இடுக்குகளில் இப்படி ஒரு சொர்க்கம் இருப்பதைப் பிரெஞ்சு ராணுவம் கடைசிவரை அவரிடமிருந்து மறைத்துவிட்டது. பங்குச் சாமியாரும் மறைத்துவிட்டார். ஏதோ ஓரிடத்தில் அவர் தம்மையறியாமல் "மோன் தியே" என்றார். கடவுளே என்பதற்குப் பிரெஞ்சு.

"வலிக்குதா சார்?"

"தேர்வின்போது நோயாளியிடம் கேள்வி கேட்கக் கூடாது. இன்னொரு காலையும் பாரு."

முடிவு உடனே அறிவிக்கப்பட்டது. வாய்மொழியில் சரிதா தோல்வி. செய்முறையில் திருப்தியே என்றாலும், ஒருமுறை பார்த்து முடிவு செய்வது நேர்மையாகாது. ஆகவே நாளை மறுதேர்வு.

"ஃபெயிலான பின்னாலயும் வரணுமா?"

"செய்முறைக்கு மட்டும்."

தோற்றவர்கள் முன்வாசல் வழியே இறங்கினால் வீதி என்ன நினைக்கும்? அந்த வீட்டுக்கு என்று ஒரு வழக்கம் இருந்தது. வருகிறவர் யாராயினும் முன்வாசல். காரியம் ஆகாமல் போகிறவர் பின்கட்டு வழியே முற்றத்தைக் கடந்து கொல்லைக் கதவால் வெளியேற வேண்டும். தாத்தா காலத்து ஏற்பாடு. அந்த வழி எலிஸபெத் அம்மாளின் ஜன்னலை ஒட்டிப் போகிறது என்பதைத் தாத்தாவும் யோசிக்கவில்லை, பேரனும் யோசிக்கவில்லை.

அடுத்து சேதராப்பட்டிலிருந்து சந்திரகலா. தொழிற்பேட்டைக் கம்பெனியில் வேலை பார்த்தவள். கம்பெனி மூடிய பிறகு மாமியாரைப் படுக்கையில் வைத்துப் பார்த்தவள்.

"சான்றிதழ்?" என்றார் சக்கரபாணி.

"மாமியாரப் பார்த்ததுக்கா?"

"அந்தம்மாகிட்டேருந்து ஒரு நன்னடத்தைக் கடிதமாவது?"

"நீங்க வேற சார். அது உசுரோட இருந்தப்பவே ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்ல."

அவள் முசியே கிளோத்தின் தலையில் நல்லெண்ணெய் வைத்து உச்சியில் தட்டினாள். காதுக்குப் பின்னால் அழுத்தினாள். நகம் வெட்டினாள். வாய்பேசாமல் செய்தாள், முசியே கிளோத் குறட்டை விட்டதையும் யாரிடமும் சொல்லவில்லை. அவளும் தோற்றாள். அவளுக்கும் மறுதேர்வு.

மூன்றாவதாக உப்பளத்து செந்தமிழ்ச்செல்வி வந்தபோது, அறிவிக்கை எழுதியவர்களுக்கே புல்லரித்தது. பளபளவென்று உறையிட்ட சான்றிதழ்களை அடுக்கிய கோப்பு. முதலுதவி. யோகா. முதியோர் மனநலம். ஆளுமை வளர்ச்சி. 'புன்னகை மேலாண்மை' என்றொரு சான்றிதழும் இருந்தது. அதைக் காட்டும்போது அவள் புன்னகைத்தாள், காட்டி முடித்ததும் நிறுத்திக்கொண்டாள். வயது முப்பத்துமூன்று. பொன்ழூர் சொன்னாள், கைபேசியிலிருந்த ழான்-லூக்கே போர்வையை விலக்கிப் பதில் வணக்கம் சொன்னான். தெருப் பெயரைக் கேட்காமலே சொன்னாள். சக்கரபாணிக்கு அந்தத் தெருவில் உறவுக்காரர்கள் இருந்தார்கள்.

"இப்ப செய்முறை" என்றார் முசியே கிளோத், காலை நீட்டிக்கொண்டு.

செந்தமிழ்ச்செல்வி கட்டிலிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்றாள்.

"ஸாரி சார். நான் கேர் கோ-ஆர்டினேட்டர். தொடறது என் வேலைல வராது. தொடறதுக்கு நீங்க ஒரு ஆள் வச்சீங்கன்னா, அவங்க எப்படித் தொடணும்னு நான் சொல்லுவேன்."

தகுதி உயர உயரக் கை பின்வாங்குவது உலக நியதி. மேலதிகாரி கோப்பைத் தொடுவதில்லை, கையெழுத்து மட்டும் போடுவார் என்பது சக்கரபாணிக்குத் தெரியாததல்ல. அவளுக்கு முதலிடம் கொடுத்தார்கள். ஆயினும் முசியே கிளோத்தின் கால்கள் அன்று காய்ந்தே கிடந்தன. இறுதி நியமனத்துக்கு முன் இன்னும் சிலரைப் பார்த்துவிடலாம் என்று அவர் கருதினார். செந்தமிழ்ச்செல்வி முதலிடத்திலேயே காத்திருக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டாள்.

*

தேர்வு ஒரு வாரத்தில் முடிந்திருக்கலாம். ஆனால் தரத்தில் சமரசம் செய்துகொள்ளாதவர்களுக்கு வாரம் என்ன, மாதம் என்ன? காலையில் கால். பிறகு தலை. மதியம் ஊட்டும் தேர்வு. கட்டிலை விட்டு இறங்குவதே அரிதாயிற்று. முசியே கிளோத் தலையணையில் சாய்ந்து வாயைத் திறப்பார். சந்திரகலா கஞ்சியை ஆற்றி ஆற்றிக் கொடுப்பாள். உறைந்த முகத்தோடு அவர் விழுங்குவதைப் பார்த்தால், நாட்டுக்காக விழுங்குவதுபோல் இருக்கும்.

"உங்களுக்குத்தான் ஒண்ணும் இல்லியே முசியே, மேசைக்கு வந்து சாப்புடக் கூடாதா?" என்றாள் சின்னப்பாப்பா.

"தேர்வு நடக்குது."

"பெரியம்மாவுக்கு நான் போய் ஊட்டட்டுமா?"

"நீ தேறலை."

"கஞ்சி வைக்க மட்டும் தேறிட்டேனா?"

சக்கரபாணி இதற்கு விதியில் விடை தேடினார். இல்லை.

கைபேசியில் ழான்-லூக் அத்தையைப் பற்றிக் கேட்டான்: "பப்பா, தாந்த் நின்னாங்களா? டாக்டர் சொல்லி நாள் ஓடிக்கிட்டே இருக்கே?"

"அவசரம் அவசரம்னா நீ அங்கேருந்து கிளம்பி வந்து பிடி."

"எனக்கு டிப்ளோம் இல்லையே பப்பா" என்றான் ழான்-லூக். குடும்ப ரத்தம் எங்கே போகும்?

சில நாட்களாகப் பின்கட்டிலிருந்து அக்காவின் கூப்பாடு கேட்பதில்லை என்பதை முசியே கிளோத் கவனித்தார். மாறாகத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒரு நாள் சீயக்காய் வாசனை வந்தது. பிறகு தரையில் மரம் தட்டுவது போல டொக், டொக். மறுதேர்வு முடிந்து கொல்லைப்பக்கம் போன சரிதாவும் சந்திரகலாவும் வெகுநேரம் வெளியேறியதாகத் தெரியவில்லை.

"உள்ள என்ன சத்தம்?"

"பெரியம்மா ஃபெயிலானவங்களுக்குப் பாடம் எடுக்குது" என்றாள் சின்னப்பாப்பா.

படுத்த படுக்கையிலும் கல்விப்பணி. முசியே கிளோத் நெஞ்சு விம்மினார். குடும்பம் என்றால் இது குடும்பம்.

*

இறுதி அமர்வுக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். செந்தமிழ்ச்செல்வி கோப்போடு முன்வரிசையில். ழான்-லூக் சொம்பில். முசியே கிளோத் கோட்டும் மெடலுமாகக் கட்டிலில். காலையிலிருந்து 'திரவ உணவுத் தேர்வு' என்ற பெயரில் அவருக்கு ஊட்டப்பட்டிருந்தது முழுக்கப் பார்லித் தண்ணீர். சக்கரபாணி எழுந்து நின்று வாசித்தார்:

"தொட மறுப்போர் தகுதி உடையோர். தொட வருவோர் தகுதி அற்றோர். இரண்டும் ஒருங்கே அமைந்த ஒருவரை இக்குழு கண்டடையவில்லை. ஆகவே அறிவிக்கை மீண்டும்..."

டொக்.

பின்கட்டுக் கதவு திறந்தது. டொக், டொக். நடை பழகும் நாலுகால் சட்டத்தை ஊன்றிக்கொண்டு எலிஸபெத் அம்மாள் வந்தார். தலைக்குக் குளித்து, நரைமுடியை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தார். ஒரு பக்கம் சரிதா, மறுபக்கம் சந்திரகலா. இருவரும் தொட்டும் தொடாமலும்.

"ஆயா, மெதுவா. வாசப்படி கீது."

"தெரியுதுடி. என் வீட்டு வாசப்படி."

நின்றார். நின்றவர் விழவில்லை. கைபேசியில் ழான்-லூக் "தாந்த்!" என்று கத்திவிட்டு அழத் தொடங்கினான்.

"அக்கா" என்றார் முசியே கிளோத். "யார் அனுமதிச்சா? இவங்க ரெண்டு பேரும் ஃபெயில்."

"என் ஜன்னல் வழியாத்தானேடா போனாளுங்க? தோத்துட்டு வந்த ஒவ்வொருத்தியையும் நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டேன். என்னைத் தூக்குவியாடின்னேன். தூக்கறேன் ஆயான்னாளுங்க. பாஸ் போட்டுட்டேன்."

"எழுத்துத் தேர்வு?" என்றார் சக்கரபாணி பலவீனமாக.

"நீங்க உட்காருங்க" என்றார் தலைமையாசிரியை. சக்கரபாணி உட்கார்ந்தார்.

மூத்தவள் நிற்க இளையவன் படுத்திருப்பது எந்தக் குடும்பத்துக்கும் அழகல்ல. அந்தக் குடும்பத்துக்கு ஆகவே ஆகாது. முசியே கிளோத் எழுந்தார். அதாவது, எழ உத்தரவிட்டார். கால்கள் கீழ்ப்படியவில்லை. வாரக்கணக்கில் கழுவி, நீவி, எண்ணெய் வைத்துக் கண்மணி போல் பாதுகாக்கப்பட்ட அந்தக் கால்கள், தரையைத் தொட்டதும் வேகவைத்த வெண்டைக்காய் போல் மடங்கின. மறுபடி முயன்றார். மெடல்கள் குலுங்கின. மறுபடி கட்டிலில் விழுந்தார்.

அதே சமயத்தில்தான் பார்லித் தண்ணீரும் தன் கடமையைச் செய்யத் தொடங்கியது.

"பிடிங்க" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. "யாராவது பிடிங்க. அவசரம்."

சரிதா ஓரடி முன்னே வந்தாள். பிறகு நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நாங்க ஃபெயில் சார். தொடக் கூடாது."

"சின்னப்பாப்பா!"

"நானும் தேறல முசியே. நீங்கதான் சொன்னீங்க."

"சக்கரபாணி சார்!"

சக்கரபாணி தமக்குக் குடலிறக்கம் இருப்பதை அறிவித்தார்.

"சார், மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்றாள் முதலிடத்தில் இருந்த செந்தமிழ்ச்செல்வி, ஒரு கை தூரத்திலிருந்து. "தண்ணியப் பத்தி மட்டும் நினைக்காதீங்க."

மூன்று தலைமுறை மானம் அந்தக் கட்டில் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. முசியே கிளோத்தின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. இதற்குப் பெயர்தான் தலைமை: நெருக்கடியிலும் அவர் விதியை மீறவில்லை, திருத்தினார்.

"அவசரத் திருத்தம்! எழுதுங்க! வயசு வேணாம், அனுபவம் வேணாம்! டிப்ளோம் வேணாம்!"

"பிரெஞ்சு?"

"வேணாம்!"

"பின்னணி?"

"எந்தத் தெருவா இருந்தா என்னய்யா! கை இருந்தா போதும்!"

வாரக்கணக்கில் நகராத விதிகள், சக்கரபாணி பேனா மூடியைக் கழற்றுவதற்குள் ஒருமனதாகத் திருத்தப்பட்டன. இவ்வளவு விரைவாக ஒரு சீர்திருத்தம் இந்த ஊரில் நடந்ததில்லை. ழான்-லூக் சார்செல்லிலிருந்து கையைத் தூக்கி வாக்களித்தான்.

"ரெண்டு கையும் வேணுமா சார், ஒண்ணு போதுமா?" என்றாள் சரிதா. சந்திரகலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவளுங்க என் ஆளுங்க" என்றார் எலிஸபெத் அம்மாள், சட்டத்தின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு. "என்கிட்ட கேளு."

"அக்கா..."

"முழுசா கேளு."

"அக்கா, ஒரு ஆள் குடுக்கா."

எலிஸபெத் அம்மாள் தம்பியைக் கொஞ்சநேரம் பார்த்தார். அந்தக் கொஞ்சநேரம் முசியே கிளோத்துக்கு எவ்வளவு நீளமாக இருந்தது என்பதைப் பார்லித் தண்ணீர் குடித்தவர்களே அறிவர்.

"சரிதா, போய்ப் பிடி. ஒரு பக்கம் பிடிச்சா போதும், மெடல் கனம் அவனை மறுபக்கம் இழுத்துக்கும்."

"வாங்க தாத்தா" என்றாள் சரிதா, அவர் அக்குளில் கையைக் கொடுத்து. அந்த 'தாத்தா'வை முசியே கிளோத் மறுக்கவில்லை. மரியாதையான மறுப்புக்கும் அப்போது நேரமில்லை.

இப்போது எலிஸபெத் அம்மாள் சந்திரகலாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஞாயிறு பூசைக்கு நடந்தே போகிறார். முசியே கிளோத் முன்கூடத்தில் ஒரு பக்கம் சரிதாவைப் பிடித்துக்கொண்டு நடை பழகுகிறார். முதுகு நிமிர்ந்தே இருக்கிறது. செந்தமிழ்ச்செல்வி இன்னமும் முதலிடத்தில் இருக்கிறாள்.

இதையொட்டி சுஃப்ரேன் வீதியில் ஒரு பொல்லாத வதந்தி உலவுகிறது. அக்காவைப் பார்த்துக்கொள்ள வைத்த ஆளைத் தம்பி தனக்குப் பிடுங்கிக்கொண்டார் என்று சொல்கிறார்கள். இது அடியோடு தவறு. அக்காவைப் பார்த்துக்கொள்ள அவர் ஆளே வைக்கவில்லை.